பைபாஸ் போட இடமே இல்லை என்கிறார் ஒரு டாக்டர், போடலாம் என்கிறார் இன்னொருவர்

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 62 வயது. சுகர் இருபது வருடத்துக்கு மேல், இப்போது இன்சுலின். பீடி, குடி எதுவும் கிடையாது. சமீபமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நெஞ்சுவலி என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எக்கோவில் பம்பிங் (இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன்) 38 சதவீதம் என்று வந்ததும் ஆஞ்சியோ எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'மூன்று குழாய் நோய், டிஃப்யூஸ்' (நெடுகப் பரவியது) என்று போட்டிருக்கிறது. எல்.ஏ.டி. (இதயத்தின் முன்பக்க முக்கியக் குழாய்) நடுவில் தொடங்கி நுனி வரை நெடுக 80, 90 என்று இருக்கிறது. இடது பக்கக் கிளையில் 90. வலது குழாய் முழு அடைப்பு, கொலாட்டரல் (பக்கவழிச் சிறு குழாய்கள்) வழியாக லேசாக நிரம்புகிறது என்று எழுதியிருக்கிறார்கள். கிரியாட்டினின் 1.5, மூன்று மாத சுகர் 9.2.

ஆஞ்சியோ எடுத்த இடத்தில், "ஸ்டென்ட் வைக்க முடியாது, பைபாஸ் போடவும் இடமில்லை, குழாய் ரொம்பச் சின்னது, மாத்திரையிலேயே ஓட்டலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. சரி என்று ஆஞ்சியோ படம் பதிந்த சி.டி.யை எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு சர்ஜனிடம் போனோம். அவர் இரண்டு மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "போடலாம், ஆனால் எல்.ஏ.டி.யில் எண்டார்டெரெக்டமி (அடைப்பை உரித்து எடுப்பது) செய்ய வேண்டியிருக்கலாம், திறந்து பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும், சாதாரண பைபாஸை விட ரிஸ்க் கூடுதல்" என்றார்.

இதற்கு நடுவில் மாமா லேசர் சிகிச்சை என்கிறார். சித்தப்பா 'ஆபரேஷன் இல்லாமல் அடைப்பைக் கரைக்கும் டிரிப்' என்று தினமும் ஒரு வாட்ஸப் வீடியோ அனுப்புகிறார். அம்மா ஒன்றும் பேசுவதில்லை. அப்பா, "நீ முடிவு பண்ணுப்பா" என்கிறார், அதுதான் ரொம்பக் கஷ்டம்.

ஒரே படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் எப்படி நேர் எதிராகச் சொல்ல முடியும்? எண்டார்டெரெக்டமி செய்துகொண்டவர்கள், வீட்டில் யாருக்காவது செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

பம்ப்_ரூம் எழுதியது:

தம்பி, நான் டாக்டர் இல்லை, பெர்ஃப்யூஷனிஸ்ட். ஆபரேஷன் நேரத்தில் ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுகிற ஆள். அப்பாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கூத்தை மேசைக்குப் பக்கத்தில் நின்றே பார்க்கிறவன் நான்.

பைபாஸைப் பொறுத்தவரை அடைப்பு எத்தனை சதவீதம், எவ்வளவு நீளம் என்பது இரண்டாம் பட்சம். அடைப்பைத் தாண்டிக் கீழே, தையல் போட மென்மையான ஒரு இடம் கிடைக்கிறதா, அங்கிருந்து ரத்தம் பரவ வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான நோயாளிகளுக்கு அடைப்பு குழாயின் மேல்பகுதியில் இருக்கும், கீழ்ப்பகுதி ஓரளவு நன்றாக இருக்கும், அங்கே கிராஃப்டை (மாற்று ரத்தக்குழாயை) தைத்துவிட்டால் வேலை முடிந்தது. டிஃப்யூஸ் என்றால் அந்தக் கீழ்ப்பகுதியும் கெட்டுப்போய்க் கிடக்கும். சிரமப்பட்டுத் தைத்தாலும் கிராஃப்டில் வரும் ரத்தம் போக வழியில்லாமல் மெதுவாகி உறைந்துவிடும். குழாய் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே சர்ஜன்கள் யோசிப்பார்கள், ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே என்றால் பெரும்பாலும் தொடமாட்டார்கள்.

இப்போது ஆஞ்சியோவுக்கு வருவோம். அதில் தெரிவது குழாய் அல்ல, குழாய்க்குள் சாய மருந்து போய்ச் சேர்ந்த இடம் மட்டும்தான். உங்கள் அப்பாவுக்கு வலது குழாய் முழுதாக அடைத்து, கொலாட்டரல் வழியாகத்தானே நிரம்புகிறது? அந்த மாதிரிக் குழாய்க்குள் ரத்த அழுத்தம் குறைவாக இருக்கும், மருந்தும் தாமதமாக, அரைகுறையாகத்தான் போய்ச் சேரும், படத்தில் மெலிந்துதான் தெரியும். படம் எடுக்கும்போது சீக்கிரம் நிறுத்திவிட்டால் தெரியவே தெரியாது. தியேட்டரில் திறந்து விரலால் தடவிப் பார்த்து, மென்மையான இடத்தில் கீறி ஒன்றரை மில்லிமீட்டர் ப்ரோபை (அளவு பார்க்கும் கம்பியை) விட்டால் சுலபமாக உள்ளே போகும். நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். இதன் மறுபக்கமும் உண்டு. படத்தில் சுமாராகத் தெரிந்த குழாய், தொட்டால் நுனி வரை கால்சியம் படிந்து கல்லாக இருக்கும், ஊசியே இறங்காது. ஆக இரண்டு டாக்டரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் படத்தில் கண்டதைச் சொன்னார், இன்னொருவர் தன் கை மேல் உள்ள நம்பிக்கையையும் சேர்த்துச் சொன்னார்.

எண்டார்டெரெக்டமி என்பது குழாயைத் திறந்து, சுவரோடு ஒட்டியிருக்கும் கொழுப்பு-கால்சியம் கட்டியை அப்படியே உரித்து எடுப்பது. சைக்கிள் பிரேக் ஒயரை அதன் உறையிலிருந்து உருவுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு முறையில் சின்னதாகக் கீறி மெதுவாக இழுப்பார்கள். முழுசாக வந்தால் கிளைகளோடு சேர்ந்து வரும், நுனி மெலிந்து முடியும், அதைப் பார்த்தால் சர்ஜனுக்கு நிம்மதி. நடுவில் அறுந்தால் மீதிக் கட்டி உள்ளேயே நின்று கிளைக் குழாய்களை மூடிவிடும், அதுதான் ஆபத்து. இன்னொரு முறை, எல்.ஏ.டி.யைச் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு நெடுகத் திறந்து, கண்ணால் பார்த்தபடியே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நெஞ்செலும்புக்கு உள்பக்கம் ஓடும் லிமா என்ற தமனியைக் கொண்டுவந்து மேல்கூரையாகத் தைப்பது. சில சமயம் முதலில் காலிலிருந்து எடுத்த நரம்பை (சிரையை) பட்டையாகப் போட்டு அதன் மேல் லிமாவை இணைப்பார்கள். கட்டியை எடுக்காமலேயே, நீளமாகத் திறந்து லிமாவைப் பட்டையாகத் தைத்துவிடுகிறவர்களும் உண்டு. அதிலும் கிளைக் குழாய்களுக்கு ரத்தம் போகும்.

இதெல்லாம் நேரம் பிடிக்கிற வேலை. இதயம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் நேரம் கூடும், பம்பிங் ஏற்கெனவே குறைவாக இருக்கிறவருக்கு அது சுமைதான். தைத்து முடித்ததும் ஃப்ளோ மீட்டர் வைத்து கிராஃப்டில் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். இருபதுக்கும் கீழே காட்டினால் தியேட்டரில் பேச்சு நின்றுவிடும்.

அந்த மதுரை சர்ஜனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்த வேலையை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள்.

---

மெடிக்கல்_ஷாப் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. 'மாத்திரையில் ஓட்டலாம்' என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று நம்மூரில் எடுத்துக்கொள்கிறோம், அது சரியில்லை. இஸ்கீமியா ட்ரையல் என்று ஒன்று 2020இல் வந்தது. நிலையான இதய நோய் உள்ளவர்களில் ஒரு பாதிக்கு நல்ல மருந்து மட்டும், இன்னொரு பாதிக்கு மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு வலி குறைந்தது, அவ்வளவுதான். உங்கள் அப்பாவுக்கு வலியே இல்லை என்கிறீர்கள்.

கவுன்டரில் நான் பார்க்கிறதைச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்தவர்களில் பாதிப்பேர் ஆறு மாதத்தில் ஸ்டாட்டினை (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை) நிறுத்திவிடுகிறார்கள், 'இப்போது சரியாகிவிட்டதே' என்பார்கள். மூன்று மாத சுகர் 9.2 என்கிறீர்களே, அதோடு எந்த கிராஃப்ட் எத்தனை நாள் தாங்கும்? எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. இந்த அளவு நோய் உள்ளவருக்கு அது 55க்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்டாட்டின் முழு டோஸ், போதாவிட்டால் எசெட்டிமைப். பம்பிங் குறைவுக்குத் தனியாக நாலு வகை மருந்து இருக்கிறது: பீட்டா பிளாக்கர், சாக்யூபிட்ரில்-வால்சார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோசின் வகை. இந்த நாலையும் அப்பாவுக்கு யாராவது முறையாக ஆரம்பித்திருக்கிறார்களா? சீட்டைப் போடுங்கள், பெயர் இல்லாமல்.

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்தை ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்காமலேயே 'வேறு வழியில்லை' என்று நெஞ்சைத் திறக்காதீர்கள்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்.டி.எல். 118. ஸ்டாட்டினில் அட்டோர்வா 10 போட்டுக்கொண்டிருக்கிறார். பீட்டா பிளாக்கர் உண்டு, நீங்கள் சொன்ன மற்ற மூன்றும் இல்லை. டாபாகிளிஃப்ளோசின் மட்டும் மதுரை டாக்டர் போன வாரம் எழுதினார்.

---

சேலம்_செல்வி எழுதியது:

தம்பி, என் வீட்டுக்காரருக்கு இதே எண்டார்டெரெக்டமியோடு பைபாஸ் நடந்தது. சுகர், டிஃப்யூஸ், எல்லாம் அப்படியே உங்கள் அப்பா கதைதான். இப்போது கடைக்குப் போகிறார், வருகிறார், பேரனைத் தூக்குகிறார். அதனால் பயப்படுத்த எழுதவில்லை. ஆனால் யாரும் எங்களுக்குச் சொல்லாத சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் தொடையில் பலூன் பம்ப் வைத்திருந்தார்கள். இதயத்துக்குத் துணையாக என்றார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அப்படி அழுதிருக்க மாட்டேன். நீங்கள் அம்மாவிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், வைத்தாலும் வைப்பார்கள், அது வைத்தாலே போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அடுத்தது புண். நெஞ்சுத் தையலின் கீழ்ப்பக்கம் ஆறவே இல்லை, நீர் வடிந்துகொண்டே இருந்தது. டிஸ்சார்ஜ் செய்யும்போதே அது லேசாகச் சிவந்திருந்தது, காட்டினேன், "சுகர்காரருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்ப அட்மிட் செய்து, சுத்தம் செய்து, உறிஞ்சும் மெஷின் கட்டி, மாதக்கணக்கில் இழுத்தது. ஆபரேஷனை விட இதற்குத்தான் அதிகம் செலவு, அதிகம் கண்ணீர். சிவப்பு, நீர், காய்ச்சல், இருமும்போது எலும்பு 'கடக்'கென்று நகர்வது போன்ற உணர்வு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சுகரை ஆபரேஷனுக்கு முன்பே இறக்கப் பாருங்கள்.

அப்புறம் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுத்தார்கள். பல் டாக்டர் பல் எடுக்க வேண்டும் என்றார், இவர் பாட்டுக்கு மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். நல்லவேளை சர்ஜனுக்குப் போன் செய்தேன். திட்டினார் பாருங்கள்! உரித்த குழாய்க்குள் புதுத் தோல் வளரும் வரை அந்த மாத்திரைதான் காவல் என்றார்.

செலவு விஷயம்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் பைபாஸ் அதில் வரும், அரசு மருத்துவமனையிலும் சரி, திட்டத்தில் சேர்ந்த தனியாரிடமும் சரி. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆனால் ஐ.சி.யூ.வில் கூடுதல் நாள் ஆனால் யார் கட்டுவது என்று முதலிலேயே காப்பீட்டு டெஸ்க்கில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

---

நாலாவது_கிராஃப்ட் எழுதியது:

இதய அறுவை செய்கிறவன். பெயர், ஊர் வேண்டாம். பம்ப்_ரூம் சொன்னதில் பெரும்பாலானவை சரி, மெடிக்கல்_ஷாப் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியிலிருந்து தொடங்குகிறேன்.

இஸ்கீமியா ட்ரையலில் பம்பிங் 35க்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இதயம் நன்றாகவே வேலை செய்தது. பம்பிங் குறைந்தவர்களைப் பற்றிய ஆய்வு ஸ்டிச். 35 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு மருந்து மட்டும் ஒரு பக்கம், மருந்தோடு பைபாஸ் மறுபக்கம். பத்து வருடம் கழித்து மருந்து மட்டும் வாங்கியவர்களில் 66 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பைபாஸ் செய்தவர்களில் 59 சதவீதம். பெரிய இடைவெளி இல்லை, ஆனால் நிஜமான இடைவெளி. சுகர்காரர்களுக்கு ஸ்டென்ட்டா பைபாஸா என்று பார்த்த ஃப்ரீடம் ஆய்வு 2012இல் வந்தது, அதில் ஐந்து வருட மரணம் ஸ்டென்ட்டில் 16 சதவீதம், பைபாஸில் 11. பக்கவாதம் மட்டும் பைபாஸ் பக்கம் கூடுதல்.

ஆனால் இந்த எண்களை எடுத்துக்கொண்டு உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருத்த முடியாது, இதை எங்கள் ஆட்களே மறந்துவிடுகிறார்கள். இந்த ட்ரையல்களில் சேரவே குழாய் பைபாஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 'இடமில்லை' என்று சொல்லப்பட்டவர்கள் வாசலிலேயே கழித்துவிடப்பட்டார்கள். எண்டார்டெரெக்டமி பற்றி நம்மிடம் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளைத் திரும்பிப் பார்த்து எழுதிய கணக்குகள். அவற்றில் ஆபரேஷனை ஒட்டிய மாரடைப்பும் மரணமும் சாதாரண பைபாஸை விட அதிகம், கிராஃப்ட் மூடிப்போவதும் அதிகம். கைதேர்ந்த இடங்களில் இந்த வித்தியாசம் சுருங்குகிறது. லிமா எல்.ஏ.டி.க்குப் போனால் பத்து வருடத்தில் பத்தில் ஒன்பது திறந்திருக்கும், கால் நரம்பு பாதி அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம் இல்லையா, அந்தக் கணக்கு உரித்த குழாய்க்குப் பொருந்தாது.

இத்தனைக்கும் இது புது வித்தை இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் பெய்லி 1950களிலேயே இதய ரத்தக்குழாயை உரித்துவிட்டார், கிளீவ்லாண்டில் ஃபவலோரோ கால் நரம்பு பைபாஸைத் தொடங்கியதே 1967இல்தான். அதற்கெல்லாம் முன்பே, 1946இல், மான்ட்ரியலில் வைன்பெர்க் லிமாவை எந்தக் குழாயிலும் தைக்காமல் இதயத் தசைக்குள் சுரங்கம் மாதிரிக் குடைந்து புதைத்துப் பார்த்தார். சின்னக் குழாய்களோடு தைக்க வழியில்லாத காலம் அது. நம்மூரில் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975இல் டாக்டர் கே.எம். செரியன் முதல் பைபாஸ் செய்தார், அன்றைக்கும் சுகர்காரரின் சின்னக் குழாய்தான் தலைவலியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, உங்கள் அப்பா. என்னிடம் வந்திருந்தால் முதலில் கேட்பது, எல்.ஏ.டி. ரத்தம் கொடுக்கிற தசை உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான். பம்பிங் 38 என்பது இரண்டு காரணத்தால் வரலாம். தசை செத்துத் தழும்பாகியிருக்கலாம், அல்லது ரத்தம் போதாமல் வேலையைக் குறைத்துக்கொண்டு முடங்கிக் கிடக்கலாம். முடங்கிய தசைக்கு ரத்தம் கொடுத்தால் எழும், தழும்புக்கு என்ன கொடுத்தாலும் எழாது. கார்டியாக் எம்.ஆர்.ஐ. எடுத்தால் சுவரின் எத்தனை பங்கு தழும்பு என்று தெரியும், பாதிக்கு மேல் தழும்பு என்றால் அந்தப் பகுதி மீள்வது கடினம். பெட் ஸ்கேனும் உதவும். ஸ்டிச் ஆய்விலேயே இந்தச் சோதனை யாருக்கு பைபாஸ் பலன் தரும் என்று பிரித்துக் காட்டவில்லை என்று எதிர்வாதம் உண்டு, நியாயமான வாதம்தான். ஆனாலும் எண்டார்டெரெக்டமி மாதிரி ரிஸ்க் கூடிய வேலைக்கு இறங்கும் முன், செத்த தசைக்காக இறங்குகிறோமா என்று தெரியாமல் நான் கத்தி எடுக்க மாட்டேன்.

அடுத்தது, எல்லாக் குழாயையும் சரிசெய்ய வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. எல்.ஏ.டி.க்கு நல்ல ரத்தம் கிடைத்து, பக்கக் கிளைக்கு ஒரு கிராஃப்ட் போட்டு, வலது குழாயில் இடம் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். மூன்று குழாயையும் உரிப்பேன் என்கிறவரைப் பார்த்தால் எனக்குப் பயம். எண்டார்டெரெக்டமி மேசையில் எடுக்கிற கடைசி முடிவு, வேறு வழி இருந்தால் அதைத் தொடக்கூடாது. உங்கள் மதுரை சர்ஜன் 'திறந்து பார்த்துத்தான்' என்றாரே, அந்த வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

மாமாவின் லேசர்: இதயச் சுவரில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருபது முப்பது துளைகள் போடுவார்கள். அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது. நெஞ்சுவலி குறைந்ததாகக் காட்டினார்கள், ஆயுள் கூடியதாக நிரூபிக்கவில்லை. தொடை வழியாக அதே லேசரை, நோயாளிக்குத் தெரியாமல் பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது வித்தியாசமே இல்லை. ஈ.ஈ.சி.பி. என்று காலில் பட்டை கட்டி அழுத்துகிற சிகிச்சையும் உண்டு, தினம் ஒரு மணி நேரம் என்று 35 மணி நேரம். வலி உள்ளவர்களில் பலருக்கு ஆறுதல் தருகிறது, கத்தி இல்லை என்பதால் அதை நான் கேலி செய்ய மாட்டேன். இதயச் சிரையில் வைக்கிற ரெட்யூசர் என்ற வலைக்குழாயும் வலிக்குத்தான். கவனியுங்கள், இவை எல்லாமே நெஞ்சுவலிக்கான சிகிச்சை. உங்கள் அப்பாவின் தொல்லை மூச்சு வாங்குவது. இல்லாத வலிக்கு எதற்கு லட்சங்கள்?

சித்தப்பாவின் டிரிப் கீலேஷன், அதாவது உடம்பிலுள்ள உலோகங்களைப் பிடித்து வெளியேற்றும் மருந்து. சுகரும் பழைய மாரடைப்பும் உள்ள ஆயிரம் பேரிடம் ஒழுங்காகச் செய்து பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. ரத்தத்தில் ஈயம் குறைந்தது, மாரடைப்போ மரணமோ குறையவில்லை. அப்பாவின் கிரியாட்டினின் 1.5. அந்த டிரிப் பக்கமே போகாதீர்கள். ஸ்டெம் செல் என்று காசு கேட்டாலும் இதே பதில்.

இதய மாற்று பற்றி யாராவது பேசினால், பம்பிங் 38இல் நடமாடுகிற மனிதருக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

சார், ரொம்ப நன்றி. செல்வி அக்கா, பம்ப்_ரூம் அண்ணன், மெடிக்கல்_ஷாப் சார், உங்களுக்கும். மதுரையில் பேசிவிட்டேன், எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்துவிட்டார், கிரியாட்டினின் 1.5 என்பதால் சாய மருந்தின் அளவைப் பார்த்துப் போடுவோம் என்றார். அட்டோர்வாவை 80 ஆக்கி, கூட எசெட்டிமைப் சேர்த்திருக்கிறார். வருடத்துக்கு எத்தனை எண்டார்டெரெக்டமி என்று கேட்டேன், கோபப்படவில்லை, எண்ணிக்கையையும் சொல்லி அதில் இறந்தவர்கள் எத்தனை என்பதையும் அவராகவே சொன்னார்.

தசை உயிரோடு இருந்தால் ஆபரேஷனுக்கு அப்பா சம்மதம். ஒரு சந்தேகம். இப்போது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், புதிதாக டாபாகிளிஃப்ளோசின், எல்லாம் சாப்பிடுகிறார். எதை எப்போது நிறுத்த வேண்டும்? உள்ளூர் டாக்டர் எல்லாவற்றையும் இப்போதே நிறுத்து என்கிறார்.

---

நாலாவது_கிராஃப்ட் எழுதியது:

இப்போது எதையும் நிறுத்தாதீர்கள், தேதியே குறிக்கவில்லையே. தேதி குறித்த பிறகு வழக்கமாக குளோபிடோக்ரெல் ஐந்து நாள் முன்பு நிற்கும், டாபாகிளிஃப்ளோசின் குறைந்தது மூன்று நாள் முன்பு. அந்த மாத்திரையோடு பட்டினி கிடந்தால், சுகர் அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், மயக்க மருந்து டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் பெரும்பாலும் ஆபரேஷன் வரை தொடரும். ஸ்டாட்டினையும் பீட்டா பிளாக்கரையும் அன்றைக்குக் காலை வரை நிறுத்துவதில்லை. இன்சுலின் அளவை மட்டும் அட்மிட் ஆனதும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இது பொது வழக்கம், நாளையும் அளவையும் உங்கள் சர்ஜன் எழுத்தில் தரவேண்டும், கேட்டு வாங்கி அந்தச் சீட்டை உள்ளூர் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

தினமும் கொஞ்சம் நடக்கவிட்டு, மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை இப்போதே வாங்கி மூச்சை உள்ளே இழுத்துப் பழகச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்த அடுத்த நாள் அதைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னால் யாருக்கும் வராது.